சுற்றாத சக்கரம்

நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன். அப்போதெல்லாம் பெரியார் பஸ் நிலையத்தில் கிளம்பித் திருநகர் போய்த் திரும்புகிற தடம். ஒரு நாளைக்கு ஏழு நடை, சில நாள் எட்டு. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ரோட்டில் எத்தனை தடவை போய் வந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் அலுப்புதான் மிஞ்சும்.

அது ஐப்பசி. மாதம் பிறந்து பாதி போயும் மழை இல்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்குத் திருப்பரங்குன்றம் தாண்டும்போது லேசாகத் தூறியது. பெருமழை பெய்தால் ரோட்டைக் கழுவிவிட்டுப் போய்விடும். தூறல்தான் கெடுதல். பல நாள் சிந்திக் கிடக்கிற ஆயிலும் புழுதியும் அந்த ஈரத்தில் குழைந்து, தார் மேல் மாவு பூசினமாதிரி ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே, ஈர ரோட்டில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஏன் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டியில், பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. கையைக் காட்டிய யாரையோ ஏற்றிக்கொள்ள ஆட்டோ திடீரென்று நின்றது. அந்தப் பெண் பிரேக் பிடித்தார். ஸ்கூட்டி பக்கவாட்டில் சரிந்து அவர் கீழே விழுந்தார். நானும் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பெடல் மேல் ஏறி நின்றேன். இடுப்பு சீட்டை விட்டு எழுந்துவிட்டது.

பஸ் நிற்கவில்லை. டயர் கிறீச்சிடவும் இல்லை. தண்ணீரில் விட்ட பரிசல் மாதிரி சத்தமில்லாமல் போனது. ஸ்டியரிங்கை ஒடித்தேன்; ஒடித்த பக்கம் திரும்பாமல் நேராகவே போயிற்று. முன் பம்பர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றபோது, அந்தப் பெண்ணின் இடது கால் ஸ்கூட்டிக்கு அடியில் இருந்தது.

கண்டக்டர் முதல் ஆளாகக் குதித்து ஸ்கூட்டியைத் தூக்கினார். என்னைவிட வயதில் மூத்தவர், என்னை எப்போதும் மாப்ள என்று கூப்பிடுகிறவர். நான் இறங்கி நின்றேன். கூட்டத்தில் ஒருவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “பிரேக் புடிச்சேண்ணே, நிக்கலண்ணே” என்று அவரிடம் சொன்னேன். பிறகு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். காவல் நிலையத்திலும் அதையே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எல்லா டிரைவரும் அதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன.

இரண்டு நாள் கழித்து மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் வந்து பஸ்ஸை ஓட்டிப் பார்த்தார். அதற்குள் ரோடு காய்ந்துவிட்டது. பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது, இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு தாளுக்குப் பிறகு என் பேச்சை யாரும் கேட்கவில்லை. வண்டியில் குறை இல்லையென்றால் மிச்சமிருப்பது ஆள்தானே. அஜாக்கிரதையாகவும் வேகமாகவும் ஓட்டியதாக வழக்குப் போட்டார்கள். டிப்போவில் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அவனியாபுரத்தில் எங்கள் வீடு. மனைவி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அவள் காலையில் போனபிறகு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். வேலை பார்த்தபோது, ஒரு நாள் சும்மா இருந்தால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன். சும்மா இருப்பது அதைவிட அசதியாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் திரும்பி வந்தவள், “ஏன் கால இப்பிடித் தரையில ஊண்டிக்கிட்டே இருக்கீக?” என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்து மடக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக மறுபடியும் அங்கேயே போய்விட்டது.

முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அந்தப் பெண்ணின் கணவர் நின்றார். தல்லாகுளத்தில் ஏதோ அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நான் யார் என்று சொன்னதும் அவர் சத்தம் போடவில்லை. “நீங்க பாத்து என்ன ஆகப்போகுது? போங்க” என்றார். நான் பெஞ்சில் வைத்த சாத்துக்குடிப் பையை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். என் வழக்கைப் பார்த்த வக்கீலிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்பட்டார். சாட்சியை மிரட்டப் போனதாகச் சொல்லிவிடுவார்கள், இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார்.

நாலு மாதம் போகவில்லை. இடையில் ஒரு நாள் கண்டக்டர் வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, விசாரித்த விவரத்தைச் சொன்னார். அந்தப் பெண் திருநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், இயற்பியல் பாடம் எடுக்கிறவர். வீடு வில்லாபுரத்தில். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அந்தத் தெருவுக்கு என்ன எண்ணத்தில் போனேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்று மனைவியிடம் சொன்னேன். பாதி அதுதான். மீதி, வண்டி ஏன் நிற்கவில்லை என்பதை அந்த இடத்தில் இருந்த இன்னொரு ஆளிடம் கேட்கவேண்டும் போலிருந்தது. ஆனால் கேட்டைத் தட்டத் தைரியம் வரவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து வீட்டைக் கடந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நீங்க அந்த பஸ் டிரைவர்தானே? உள்ள வாங்க.”

வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைத்திருந்தார். பக்கத்தில் நான்கு கால் வைத்த ஊன்றுகோல் இருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். கீழே விழுந்து கிடந்தபோது பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாராம். நான் மன்னிப்புக் கேட்டதும் உட்காரச் சொன்னார்.

“என்ன வேகத்துல வந்தீங்க?”

“முப்பத்தஞ்சு இருக்கும் டீச்சர். அதுக்கு மேல இல்ல.”

“பிரேக்க எப்படி மிதிச்சீங்க?”

“ஏறி நின்னேன்.”

அவர் ஸ்டூல் மேலிருந்த காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, “அதான் வழுக்கிருச்சு” என்றார்.

விழுந்து கிடந்தபோது அவர் என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. முன் சக்கரத்தையும் பார்த்திருக்கிறார். டயரின் பக்கத்தில் சுண்ணாம்போ பெயிண்டோ வெள்ளையாக ஒரு கறை இருந்திருக்கிறது. பஸ் அவரை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அந்தக் கறை மேலே கீழே போகாமல் ஒரே உயரத்தில் இருந்தது. சக்கரம் சுற்றாமல் வந்தது என்றார். பிரேக்கில் குறையிருந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். பிரேக் பிடித்தது, வேண்டியதைவிட அதிகமாகவே பிடித்தது.

எனக்கு விளங்கவில்லை. சக்கரம் நின்றால் வண்டியும் நிற்கத்தானே வேண்டும் என்றேன். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். அதையும் சொன்னேன்.

அவர் பெருமூச்சு விட்டார். என் மேல் சலிப்பா, அந்தப் பாடத்தின் மேலா, காலின் மேலா, தெரியவில்லை. பிறகு என்னை எழுந்து நடக்கச் சொன்னார். அந்த முன்னறையில் நான் நாலு அடி நடந்தேன். நில்லுங்கள் என்றதும், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்றேன்.

“நடக்கையில ஊண்டுன கால் தரையில நகருதா?”

“இல்ல.”

“ஆனா நீங்க நகர்றீங்க. ஓடுற சக்கரமும் அப்படித்தான். தரையத் தொட்டுக்கிட்டு இருக்கிற எடம் அந்த நேரத்துக்கு நிக்குது. அது எந்திரிச்சதும் அடுத்த எடம் வந்து ஊண்டுது. நிக்கிற பொருளத் தரை கெட்டியாப் புடிச்சுக்கும். ஒருதடவ வழுக்க ஆரம்பிச்சுருச்சுன்னா அம்புட்டுக்குப் புடிக்காது. பிரேக்கு சக்கரத்தத்தான் நிப்பாட்டும்ணே. வண்டிய நிப்பாட்டுறது ரோடு.”

நிற்கும்போது இருக்கிற பிடிக்குப் பெயர் ஓய்வுநிலை உராய்வு, வழுக்கும்போது இருப்பது இயக்க உராய்வு என்றார். சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து சுற்றிக்கொண்டே வந்தால் ரோடு அதை ஓய்வுநிலைப் பிடியில் வைத்திருக்கும். சக்கரம் அடியோடு நின்றுபோனால் டயர் தேய்ந்துகொண்டு வழுக்கும், பிடி குறைந்துவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் பயனில்லை. வழுக்குகிற டயருக்கு இடது வலது கிடையாது. விட்டு விட்டு மிதிப்பது, நின்ற சக்கரத்தை மறுபடியும் சுற்ற விட்டு அந்தப் பிடியைத் திரும்ப வாங்கத்தான்.

நான் மெதுவாகக் கேட்டேன்: “அப்ப நா விட்டு விட்டு மிதிச்சிருந்தா?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்தார். கொஞ்சம் முன்னாடியே நின்றிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதன்பிறகு சொன்னதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

“என் ஸ்கூட்டியும் அப்படித்தானே விழுந்துச்சு. ஆட்டோ நின்னதும் ரெண்டு பிரேக்கையும் இறுக்கிப் புடிச்சுட்டேன். இருபது வருசமா இதத்தான் போர்டுல எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன். அந்த நேரத்துல எனக்கும் தோணல.”

அப்போது கேட் திறந்தது. அவர் கணவர் அலுவலகப் பையோடு உள்ளே வந்து என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான்தான் கூப்பிட்டேன் என்று டீச்சர் சொன்னார். நான் வாரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஒப்பவில்லை. ஒரு டீச்சர் சொன்னார் என்பதற்காக அப்படியே நம்பிவிட முடியுமா? மறுநாள் பழைய பேப்பர் கடைக்காரரிடம் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசை இரவலாக வாங்கி வந்தேன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை வீட்டில் பிரிக்காமல் இருந்தது. அதன் வாயைக் கயிற்றால் கட்டி, கயிற்றைத் தராசின் கொக்கியில் மாட்டி, சிமெண்டுத் தரையில் இழுத்தேன். முள்ளைப் பார்க்க மனைவியை உட்கார வைத்தேன். அவளுக்கு என் புத்தி பேதலித்துவிட்டது என்ற சந்தேகம் வந்திருக்கவேண்டும்; ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மெதுவாக இழுத்தேன். பத்து என்றாள். மூட்டை அசையவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. அப்போதும் அசையவில்லை. பதினாலு வந்தபோது சட்டென்று நகர்ந்தது. நகர்ந்ததும் முள் பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. நான் இழுத்துக்கொண்டே போனேன். முள் பதினொன்றை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் பதினாலு வரை ஏறி, நகர்ந்ததும் இறங்கியது. ஐந்தாறு தடவை செய்து பார்த்தேன். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கதை மாறவில்லை. சோறு வைக்க நேரமாகிறது என்று அவள் எழுந்து போய்விட்டாள். நான் மூட்டைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. பிரேக் பிடித்தேன், நிற்கவில்லை. என் மேல் தப்பில்லை, நேரம் சரியில்லை. யார் நம்பாவிட்டாலும் நான் நம்பினேன். இப்போது அதுவும் போயிற்று. நான் வேகமாக வரவில்லை, தூங்கவில்லை, போன் பேசவில்லை. ஆனால் பஸ்ஸை வழுக்க விட்டது இந்தக் கால்தான். பயந்து மிதித்தது தப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வக்கீலிடம் இதைச் சொன்னேன். கோர்ட்டில் வாயைத் திறக்காதீர்கள் என்றார்.

கோர்ட்டுக்கு அலைந்தது தனிக்கதை. காலையில் போய் வராந்தாவில் நின்று, பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, அடுத்த வாய்தாத் தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்பவேண்டும். ஒருநாள் ஆய்வாளர் வரமாட்டார், ஒருநாள் வக்கீல்கள் வேலைக்கு வரமாட்டார்கள். இதற்கிடையில் டிப்போவில் மறுபடியும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தடம் கிடையாது. யாராவது லீவு போட்டால் ஓட்டவேண்டும். எனக்குப் பழகிய தடம், பழகிய நேரம் என்று எதுவும் இல்லாமல் போயிற்று. வாய்தா, டியூட்டி, மறுபடியும் வாய்தா என்று ஒன்றரை வருடம் போன பிறகு டீச்சரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

கையில் தடியோடு வந்தார். கூண்டில் ஏற ஒரு படிதான். அதற்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

பஸ் அதிவேகமாக வந்ததா என்று அரசு வக்கீல் கேட்டார். இல்லை என்றார் டீச்சர். வக்கீல் அதை எதிர்பார்க்கவில்லை. டீச்சர் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் வேகமாக வந்து மோதியதாக இருக்கிறதே என்றார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து வேகத்தில் இருந்தபோது எழுதி வாங்கியது அது, நான் வேகம் என்று சொன்னதாக நினைவில்லை என்று டீச்சர் சொன்னார். பிறகு, கேட்காமலே, சக்கரம் சுற்றாமல் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைக் கறையைச் சொன்னார். உராய்வைச் சொன்னார். இது வகுப்பறை இல்லை என்று வக்கீல் குறுக்கிட்டார். நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்படின்னா டிரைவர் பிரேக் பிடிச்சது தப்புன்னு சொல்றீங்களா?”

“தப்புன்னு சொல்லமாட்டேன் ஐயா. அழுத்துனது அதிகம். பயந்தா யாரும் அப்படித்தான் அழுத்துவாங்க. நானும் அப்படி அழுத்தித்தான் விழுந்தேன்.”

நீதிபதி எழுதிக்கொண்டார். என் வக்கீல் குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தேன். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியிருந்தால் நன்றி சொல்லிவிடலாம். அவர் உள்ளதைச் சொன்னார். என் பங்கையும் சேர்த்துத்தான் சொன்னார்.

இரண்டு வாய்தா கழித்துத் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்து விடுவித்தார்கள். அன்று டீச்சர் வரவில்லை. அவர் கணவர் மட்டும் வந்திருந்தார். வராந்தாவில் எதிரெதிரே வந்துவிட்டோம். விலகிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நின்றார்.

“அவ உள்ளதச் சொன்னா. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார். பிறகு, “அவளுக்கு மாடி ஏற முடியல. லேப் மாடியிலதான் இருக்கு. கீழ இருக்கிற சின்ன கிளாஸுக்கு மாத்திட்டாங்க” என்றார்.

நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நிமிடம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவர் படியிறங்கி, வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய், தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். பின்னாலேயே வந்த மனைவி என் கையைப் பிடித்து, “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

டிப்போவில் கொஞ்ச நாள், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஓய்வறையில் படுத்திருப்பவர்களுக்குக் கண்ணை மூடினால் போதும் என்றிருக்கும். ஒருவர், “அண்ணே, விட்டு விட்டு மிதிக்கணும், அம்புட்டுத்தானே, எங்களுக்கும் தெரியும்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் சொன்னதும் சரிதான். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

போன வருடம் எங்கள் டிப்போவுக்குப் புது பஸ்கள் வந்தன. முதல் மழையன்றே ஓட்டிய நாலைந்து பேர் வந்து மெக்கானிக்கிடம் புகார் சொன்னார்கள். ஓங்கி மிதித்தால் புஸ் புஸ் என்று காற்று விடுகிற சத்தம் வருகிறது, பிரேக் பிடித்துப் பிடித்து விடுகிறது, எங்கோ லீக் என்றார்கள். மெக்கானிக் சிரித்துக்கொண்டே அது ஏபிஎஸ், அப்படித்தான் இருக்கும் என்றார். சக்கரம் நிற்கப் போவது தெரிந்தால் அதுவே பிரேக்கைத் தளர்த்தி மறுபடியும் பிடிக்குமாம். ஒரு நொடிக்குள் பல தடவை செய்யுமாம். மற்றவர்கள் போனபிறகும் நான் நின்று, அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குனிந்து காட்டினார். சின்னதாகத்தான் இருந்தது.

இப்போது எனக்கும் அதில் ஒரு வண்டி கொடுத்திருக்கிறார்கள். திருநகர்த் தடத்தைக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கேட்டதற்குப் பிறகு கிடைக்காததே நல்லது என்றும் பட்டது. கிராமத்துப் பக்கம் போகிற தடம். ரோட்டில் ஈரம் தெரிந்தால் முப்பதைத் தாண்டமாட்டேன். பின்னாலிருந்து யாராவது, இதுக்கு நடந்தே போயிருக்கலாம் என்று சத்தமாகவே சொல்வார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. டியூட்டி முடிந்து இறங்கும்போது வலது முழங்கால் மரத்துப்போயிருக்கும். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பேன். பணி ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.